கேரவன் வருமுன் வேகத்தடையை அளக்க வேண்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் மீனவ ஊர் பிள்ளைச்சாவடி. ஆம்னி பஸ், சரக்கு லாரி, படப்பிடிப்புக்குப் போகும் கேரவன் எல்லாம் இந்த ஊரைக் கடந்து போகின்றன. இவற்றில், வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கு ஓய்வே கொடுக்காத வண்டி கேரவன்தான். பஸ்ஸில் ஆள் இறங்கினால் பாரம் குறையும், லாரியில் சரக்கு இறங்கினால் குறையும். கேரவனில் கட்டில், ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இரவு பகலாக அச்சின் மேலேயே இருக்கும்.

தண்ணீரை மட்டும் கணக்கிட்டாலே போதும். 400 லிட்டர் என்றால் 400 கிலோ. தொட்டியை இடப்பக்கம் வைத்தால் இடப்பக்கப் பட்டை தாழும். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டால் நெம்புகோல்போல முன்பக்கத்தைத் தூக்கி, தன் எடையைவிடக் கூடுதல் சுமையைப் பின் அச்சில் ஏற்றும். இந்த நிலையில் வேகத்தடையில் ஏறும்போது அடி வாங்குவது பட்டையின் நடுப்பகுதி. பட்டைகளை ஒன்றாகப் பிணைக்கும் சென்டர் போல்ட்டுக்காகத் துளையிட்ட அந்த இடம் ஏற்கெனவே பலவீனமானது. பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தால் சென்டர் போல்ட் அறுந்து, அச்சே இடம் நகரும். புதுப் பட்டை மாட்டிய சில நாளில் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் வற்புறுத்துவது இதனால்தான். கடலோரத்தில் உப்புக்காற்று வேறு பட்டைகளுக்கு இடையே துருவை ஏற்றுகிறது.

பட்டைக்குப் பதிலாகக் காற்றுப் பலூன் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் போட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பதும் சரியல்ல. காற்று இறங்கிய பலூனோடு ஓட்டினால் ரப்பர் கிழியும்.

வண்டிக்காரர் செய்ய வேண்டியது எளிது: தொட்டிகளை நிரப்பி, எடை மேடையில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியே நிறுத்தி எடை பார்ப்பது, முடிந்தால் இடம், வலம் பிரித்தும் பார்ப்பது. மொத்த எடை சரியாக இருந்தும் ஒரு அச்சு தன் வரம்பை மிஞ்சியிருக்கலாம்.

ஆனால் பழுதின் பாதி சாலையில் இருக்கிறது. வேகத்தடைக்கு, சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லிவிட்டது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கும்படி சீரான வளைவு. கனரக வண்டிகள் மிகுந்த சாலையில் இரு ஓரமும் 1.5 மீட்டர் சரிவைச் சேர்க்கலாம் என்றும் அது சொன்னது. நம் ஊர்ச் சாலைகள் பலவற்றில் காண்பதோ அரை மீட்டர் அகலத்தில் திடீரென எழும் தார் மேடு. வேகமாக ஏறினால் அந்த மேட்டின் அடி கடுமையாகும். வெள்ளைப் பட்டை அழிந்திருந்தால் இரவில் ஓட்டுநருக்கு மேடே தெரியாது.

வேகத்தடையே வேண்டாம் என்பது தீர்வாகாது. பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடை சுமக்கும் பெண்களும் கடக்கும் சாலை இது. அவர்கள் உயிருக்கு முன்னால் பட்டை பெரிதல்ல. சரியான வடிவில் கட்டிய மேடு சாலையைக் கடப்பவரையும் வண்டியையும் காக்கும். அதைக் கட்டுவது யார் என்பதில்தான் சிக்கல். பிள்ளைச்சாவடி அடங்கிய காலாப்பட்டு வட்டாரம் புதுச்சேரிக்குரியது, நிலப்பக்கம் சுற்றிலும் தமிழ்நாட்டு மண். சில கிலோமீட்டருக்குள் எல்லை மாறுவதால் பொறுப்பும் கைமாறிவிடுகிறது.

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது. கடற்கரையை நம்பியிருக்கும் புதுச்சேரியும் அந்தப் பயணிகளை விரும்பும். நிறுத்துமிடமும் மின் இணைப்பும் கட்டுமுன் அவர்கள் வரும் சாலையைச் சீராக்க வேண்டும். 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிள்ளைச்சாவடியிலேயே இருக்கிறது. அதன் கட்டடப் பொறியியல் மாணவர்கள் காலாப்பட்டிலிருந்து நகர எல்லைவரை ஒவ்வொரு வேகத்தடையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பட்டியலிடலாம். பொதுப்பணித் துறை அந்த வேலையை அவர்களிடம் இந்தக் கல்வியாண்டிலேயே ஒப்படைக்க வேண்டும்.