பாறைக்குப் பெயர் உண்டு, கைக்குப் பெயர் இல்லை

விலை உயர்ந்த தென்னாப்பிரிக்க சிரா ஒயின் ஒன்றின் லேபிளையும் அதோடு வரும் குறிப்பையும் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். எந்த மாவட்டம், எந்தப் பண்ணை, அந்தப் பண்ணைக்குள் எந்தத் துண்டு நிலம், அடியில் இருப்பது கிரானைட்டா ஷிஸ்ட் பாறையா, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, கொடியை எந்த ஆண்டு நட்டார்கள், ஒயின் பீப்பாயில் எத்தனை மாதம் கிடந்தது என்று எல்லாம் சொல்லியிருப்பார்கள். அந்தக் கொடியைக் கவாத்து செய்தது யார், குலையை வெட்டியது யார், வெட்டியவருக்கு அன்றைக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. இதை வெறும் மறதி என்று நம்ப நான் தயாராக இல்லை.

நம் தோழர்களில் சிலர் இப்போது ஒயின் சுவைக்கும் கூட்டங்களுக்குப் போகிறார்கள். பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள், ஆய்வுக்காக ஐரோப்பா போனவர்கள். போகட்டும். குடிப்பது ஒழுக்கக்கேடு என்று வகுப்பெடுக்க இதை எழுதவில்லை. உழைக்கிறவர் குடித்தால் குடிகாரர், வசதியுள்ளவர் குடித்தால் ரசனைக்காரர் என்று பிரித்து வைத்திருக்கும் சமூகத்தில் ஒழுக்கப் பாடம் யார் மீது பாயும் என்று நமக்குத் தெரியும். என் சண்டை வேறொரு பேச்சோடு. “இதில் என்ன அரசியல் இருக்கிறது? மண்ணும் கொடியும் சுவையும்தானே?” என்று கேட்கிறார்களே, அந்தப் பேச்சோடு.

ஆறு ஹெக்டேர்

பல நிலங்களின் திராட்சையைக் கலக்காமல், ஒரே துண்டு நிலத்தில் விளைந்ததை மட்டும் பிழிந்து எடுப்பது ஒற்றைத் தோட்ட ஒயின். தென்னாப்பிரிக்காவில் இது விளம்பரக்காரர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் சொல் கிடையாது. லேபிளில் அப்படி அச்சிட வேண்டுமானால் நிலம் 6 ஹெக்டேரைத் தாண்டக் கூடாது. ஒரே ரகம்தான் நட்டிருக்க வேண்டும். முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அதாவது நம் கணக்கில் சுமார் 15 ஏக்கர். ஒயின் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று தரும் ‘ஒயின் ஆஃப் ஆரிஜின்’ முறை அங்கே 1973 முதல் நடப்பில் இருக்கிறது. சான்று பெற்ற பாட்டிலில் எண்ணிட்ட முத்திரை இருக்கும். 35 வயதைக் கடந்த பழைய தோட்டங்களுக்குத் தனி முத்திரையே உண்டு. கொடி நட்ட ஆண்டு அதில் அச்சிட்டிருக்கும்.

சிராவும் கிரெனாஷும் இந்த விளையாட்டுக்குப் பொருத்தமான ரகங்கள். சிரா நிலத்துக்கு நிலம் குணம் மாறும். கேப் டவுனுக்கு வடக்கே சுவார்ட்லேண்டில் ஷிஸ்ட் பாறை மேல் விளைந்த சிராவையும் கிரானைட் மேல் விளைந்ததையும் தனித்தனியாக, பாறையின் பெயரிலேயே விற்கிறார்கள். மிளகு, புகை, ஆலிவ், ஊதாப்பூ என்று அதன் மணத்தைச் சொல்வார்கள். கிரெனாஷ் தோல் மெல்லிய திராட்சை. நிறம் வெளிறியிருக்கும், ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கும், வெயிலையும் வறட்சியையும் தாங்கும். பீக்கனியர்ஸ்க்லூப் மலைப்பகுதியில் வளரும் பழைய கிரெனாஷ் கொடிகளுக்கு இப்போது பெரிய மவுசு.

இந்தக் கொடிகள் பெரும்பாலும் மானாவாரி. பந்தல் இல்லை, கம்பி இல்லை. சிறு புதர் போலத் தரையோடு நிற்கும். கம்பியில் வரிசையாகப் படர்ந்த கொடியை அறுக்கும் இயந்திரம் இந்தப் புதருக்குள் நுழைய முடியாது. ஆள்தான் குனிய வேண்டும். பழுத்த குலையையும் பழுக்காத குலையையும் பிரித்தறிந்து கையால் வெட்ட வேண்டும். குளிர்காலத்தில் எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது என்று கொடிக்குக் கொடி முடிவெடுத்துக் கவாத்து செய்ய வேண்டும். ஆகவே, ஒற்றைத் தோட்ட ஒயினில் சுவைஞர்கள் புகழும் ‘மண்ணின் குணம்’ பாதிக்கு மேல் கையின் குணம். பாறை தானாகக் கவாத்து செய்து கொள்வதில்லை.

தூய குலம் என்ற கதை

ஒயின் உலகின் பேச்சைக் கவனித்தால் நமக்குப் பழகிய சத்தம் கேட்கும். உயர்ந்த ரகம், தாழ்ந்த ரகம், கலப்பில்லாதது, கலந்தது, பரம்பரையாக வந்த நாக்கு, பழக்கமில்லாத நாக்கு.

சிராவுக்கும் ஒரு தலபுராணம் இருந்தது. பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த தொன்மையான திராட்சை என்று நெடுங்காலம் சொன்னார்கள். 1998இல் மரபணுச் சோதனை வந்தது, கதை முடிந்தது. தென்கிழக்கு பிரான்சின் டுரேசா என்ற கறுப்புத் திராட்சையும் மொண்டோஸ் பிளாஞ்ச் என்ற வெள்ளைத் திராட்சையும் இனம் கலந்ததில் பிறந்ததுதான் சிரா. இரண்டுமே யாரும் பெரிதாகக் கொண்டாடாத உள்ளூர் ரகங்கள். உலகமே தலையில் வைத்து ஆடும் ‘உயர்குடி’ திராட்சை, பெயர் தெரியாத இருவரின் கலப்புப் பிள்ளை.

நாக்கின் பரம்பரையும் இப்படித்தான். சிராவின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். நம் வீட்டு மிளகின் மணத்துக்குப் பின்னாலும் அதே சேர்மம்தான். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் சுத்தமாகத் தெரியவில்லை. அது உடலின் வேறுபாடு. மற்றபடி மிளகையும் புகையையும் பிரித்துச் சொல்வது பழகினால் வரும் திறமை. யார் வேண்டுமானாலும் கற்கலாம். கற்பதற்கான நேரமும் காசும் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மனிதர்களுக்குக் குத்திய முத்திரை

மிளகு என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வர வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில் கடை விரித்தது எதற்காக? மிளகுக்கும் மசாலாவுக்கும் ஆசியா போகும் கப்பல்களுக்கு உணவும் தண்ணீரும் கொடுக்க. திராட்சைக் கொடி அந்தத் துறைமுகத்தோடு வந்தது. 1658 முதல் அங்கே அடிமைகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1659 பிப்ரவரி 2 அன்று கேப்பின் முதல் ஒயின் பிழியப்பட்டதாகத் தளபதி யான் வான் ரீபெக் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா என்று பல கரைகளிலிருந்து அடிமைகள் வந்தார்கள். சொந்தப் பெயரைப் பறித்து, ஒரு கிறித்தவப் பெயரோ மாதத்தின் பெயரோ வைத்து, பின்னால் ஊரைச் சேர்த்தார்கள்: வான் பெங்காலே, வான் மலபார், வான் கோரமண்டல். கோரமண்டல் நம் சோழமண்டலக் கரை. 1657இல் பதாவியாவிலிருந்து தண்டனைக் கைதியாகக் கேப்புக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை ஆவணங்கள் ‘பலியகட்டாவின் கேத்தரீனா’ என்று குறிக்கின்றன. பலியகட்டா என்பது டச்சுக்காரர் வாயில் பழவேற்காடு. சென்னையிலிருந்து பேருந்தில் போய்வரும் அதே பழவேற்காடு.

விளைந்த இடத்தைப் பெயரோடு ஒட்டி முத்திரை குத்தும் வழக்கம் அந்த மண்ணில் முதலில் மனிதர்கள் மேல்தான் நடந்தது. பாட்டிலுக்கு அது பின்னால் வந்தது. நம் ஊர் நிலப்பதிவுகளிலும் கூலிக் கணக்குகளிலும் ஆட்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாதிப் பெயர் மட்டும் இருப்பதை ஆய்வுக்காகப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த எழுத்து முறை அந்நியமாகத் தெரியவில்லை.

பீக்கனியர்ஸ்க்லூப் என்ற பெயருக்கு வருவோம். ஈட்டி வீரர்களின் கணவாய் என்று பொருள். 1670களில் கோய்கோய் மக்களுக்கு எதிராகக் கம்பெனி நிறுத்திய படை வீரர்களால் வந்த பெயர். லேபிளில் அதைப் படிப்பவர் மலைக்காற்றை நினைக்கிறார்.

துப்புகிறவர்களும் விழுங்கியவர்களும்

ஒயின் சுவைக்கும் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாயில் ஊற்றி, சுழற்றி, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடுவார்கள். போதை ஏறாமல் இருந்தால்தான் அடுத்ததைச் சரியாக எடைபோட முடியும்.

கேப் பண்ணைகளில் வேறொரு பழக்கம் இருந்தது. பெயர் ‘டொப்’. கூலியின் ஒரு பகுதியாக மலிவான ஒயினை ஒரு நாளைக்குப் பல முறை தொழிலாளிக்கு ஊற்றுவது. விற்காத சரக்கும் தீரும், ரொக்கமும் மிஞ்சும், ஆளும் பண்ணையை விட்டுப் போக மாட்டார். அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்து, 1838இல் கட்டாயப் பயிற்சிக் காலமும் முடிந்த பிறகும் டொப் ஒழியவில்லை. 1960களில் சட்டம் தடுத்தும் 1990கள் வரை பல பண்ணைகளில் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்கு கேப்பின் ஒயின் வட்டாரங்களும் உண்டு. ஒயின் குடித்தால் ரசனை வளரும் என்பவர்கள், தலைமுறை தலைமுறையாக ஒயினையே கூலியாக வாங்கியவர்களுக்கு என்ன வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 2011இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு மேற்கு கேப்பின் பழ, ஒயின் பண்ணைகள் பற்றி அறிக்கை வெளியிட்டது. தகுதியற்ற குடியிருப்பு, பாதுகாப்புக் கவசமில்லாமல் பூச்சிமருந்து, வேலையிடத்தில் கழிப்பறையோ குடிநீரோ இல்லாமை, தொழிற்சங்கம் சேர்ந்தால் மிரட்டல் என்று பட்டியல் நீண்டது. 2012 நவம்பரில், உண்ணும் திராட்சை விளையும் டி டூர்ன்ஸ் ஊரில் தொடங்கிய வேலைநிறுத்தம் மேற்கு கேப் முழுக்கப் பரவியது. அப்போது குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 69 ரேண்ட். கேட்டது 150. போராட்டத்தில் மூன்று உயிர்கள் போன பிறகு 2013 மார்ச்சில் கிடைத்தது 105.

2019இல் நாடு முழுமைக்கும் மணிக்கு 20 ரேண்ட் என்று குறைந்தபட்சக் கூலி வந்தபோது, பண்ணைத் தொழிலாளிக்கு 18, வீட்டு வேலை செய்பவருக்கு 15 என்று படி இறக்கினார்கள். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலையாட்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்றார் அம்பேத்கர். அந்த அடுக்கு நிறவெறியின் மண்ணிலும் வேர்விட்டிருக்கிறது. பண்ணைத் தொழிலாளியைப் பொதுக் கூலிக்குச் சமமாக்கியது 2021 மார்ச்சில்தான். 2025 மார்ச் நிலவரப்படி மணிக்கு 28.79 ரேண்ட், எட்டு மணி நேரத்துக்கு 230. பேர்பெற்ற ஒற்றைத் தோட்ட சிராவில் ஆயிரம் ரேண்டைத் தாண்டும் பாட்டில்கள் உண்டு. குறைந்தபட்சக் கூலி வாங்குபவருக்கு ஒரு பாட்டில் என்பது நான்கு நாள் உழைப்புக்கும் மேல்.

நிலம்? 2017 அரசுக் கணக்கெடுப்பில், தனிநபர் பெயரில் இருந்த விவசாய நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடம். 35 ஆண்டு நின்ற கொடி அங்கே பாரம்பரியச் சொத்து. முத்திரை குத்திப் பாதுகாக்கிறார்கள். அந்தக் கொடிக்கருகே பிறந்து வளர்ந்த தொழிலாளி, குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்க 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்புப் பாதுகாப்பைப் பெற வேண்டுமானால், பத்து ஆண்டு அங்கே வாழ்ந்து 60 வயதை எட்டியிருக்க வேண்டும். அல்லது உழைக்க முடியாத உடலாகியிருக்க வேண்டும்.

“சிறு பண்ணைகளை ஏன் திட்டுகிறீர்கள்?”

நியாயமான எதிர்க்கேள்விதான். தென்னாப்பிரிக்கா ஏற்றுமதி செய்யும் ஒயினில் பாதிக்கு மேல் பாட்டிலில் அடைக்காமல் மொத்தமாகக் கப்பலேறுகிறது. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகள் அடிமாட்டு விலைக்கு அமுக்கி வாங்குவதில்தான் கூலி அதிகம் நசுங்குகிறது. ஒற்றைத் தோட்ட ஒயின் செய்பவர்களிடம் விலை கூடுதலாகக் கிடைக்கிறது. நிரந்தர ஆட்களை வைத்து நல்ல கூலி தருபவர்களும் அவர்களில் இருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் லேபிளில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கொடியின் வயதைப் பெருமையாக அச்சிடுகிறவருக்கு, அதே பெருமையோடு கூலியை அச்சிடுவதில் என்ன தயக்கம்? பாறையைத் தேடிப் பத்தடி தோண்டிப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கூலிப் பதிவேட்டைத் திறந்து காட்டத் தெரியாதா?

புறக்கணிப்பும் எளிதான விடை இல்லை. வாங்குவதை நிறுத்தினால் முதலில் வேலை போவது பருவகாலத் தொழிலாளிக்கு. ஆனால் வாங்குபவர் கேள்வி கேட்டால் அசைவு இருக்கிறது. 2016இல் ‘பிட்டர் கிரேப்ஸ்’ என்ற டேனிஷ் ஆவணப்படம் இந்தப் பண்ணைகளைக் காட்டியபோது, ஸ்காண்டிநேவியாவின் ஒயின் வணிகர்கள் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் கேட்காததற்குக் காரணம், யாரும் அவர்களைக் கேட்கவில்லை என்பதுதான்.

ஆகவே, அடுத்த முறை ஒரு கடையிலோ சுவைக்கும் கூட்டத்திலோ ஒற்றைத் தோட்ட சிராவையோ கிரெனாஷையோ முன்னால் வைத்து மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நான்கே கேள்வி கேளுங்கள். நிலம் யார் பெயரில்? அறுவடைக்கு வந்தவர்களில் நிரந்தர வேலை எத்தனை பேருக்கு? பண்ணையில் தொழிற்சங்கம் உண்டா? 2002 முதல் இயங்கும் வியட்டா அமைப்பின் நியாய உழைப்புச் சான்றோ ஃபேர்டிரேட் சான்றோ இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? சான்றிதழ் சங்கத்துக்கு மாற்றாகாது. ஆனால் அதுகூட இல்லாத இடத்தில் பேச்சுக்கே வழியில்லை.

பதில் தெரியாது என்று விற்பவர் சொல்லக்கூடும். அடியில் இருக்கும் பாறையின் வயது தெரிந்தவருக்கு, மேலே குனிந்து நிற்பவரைப் பற்றித் தெரியவில்லை என்றால், அதையே உங்கள் சுவைக் குறிப்பில் முதல் வரியாக எழுதி வையுங்கள். மிளகும் புகையும் அதற்குப் பிறகு வரட்டும்.