ஆசிரியர் சம்பளம் இரண்டு மடங்கு ஆனது... மாணவர்களின் மார்க் ஏன் ஏறவில்லை? இந்தோனேசியாவில் நடந்தது என்ன?

2024 நவம்பர் இறுதியில், ஆசிரியர் தின விழா மேடையில் இந்தோனேசிய அதிபர் பிரபோவோ சுபியாந்தோ ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அரசு ஊழியர் அல்லாத, ஆனால் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு மாதாமாதம் வழங்கப்படும் உதவித்தொகை 15 லட்சம் ரூபியாவில் இருந்து 20 லட்சம் ரூபியாவாக உயரும் என்றார். லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம். நம்ம ஊர் கணக்கில் அது பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

ஆசிரியருக்குச் சம்பளத்தைக் கூட்டினால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால், இதே இந்தோனேசியா இருபது வருடங்களுக்கு முன்பே இதைவிடப் பல மடங்கு பெரிய ஊதிய உயர்வைக் கொடுத்துப் பார்த்துவிட்டது. அதனால் வகுப்பறையில் என்ன மாறியது என்பதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்துவிட்டார்கள். உலகம் முழுக்கக் கல்விக்கொள்கை பேசுபவர்கள் இன்றைக்கும் அந்த முடிவை வைத்துதான் சண்டை போடுகிறார்கள்.

சைக்கிள் வாத்தியார்

இந்தோனேசியர்களுக்கு ‘ஏழை வாத்தியார்’ என்றதும் நினைவுக்கு வருவது ஒரு பாட்டு. இவான் ஃபால்ஸ் 1981-ல் பாடிய ‘ஓமர் பக்ரி’. பழைய சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் அந்த ஆசிரியர் பல வருடம் உழைத்தும் கையில் காசில்லாதவர். பாட்டு ஹிட் ஆனதற்குக் காரணம், ஊருக்கு ஊர் அப்படி ஒருத்தர் நிஜமாகவே இருந்ததுதான். பள்ளி முடிந்ததும் பைக் டாக்ஸி ஓட்டுவது, கடை பார்ப்பது, வயலில் இறங்குவது என்று இரண்டாவது வேலை செய்யும் ஆசிரியர்கள் அங்கே சர்வசாதாரணம்.

2005-ல் நாடாளுமன்றம் ஆசிரியர்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. நான்கு வருடப் பட்டப்படிப்பும் தகுதிச் சான்றிதழும் இருந்தால், அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான தொகை ஒவ்வொரு மாதமும் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது, அடிப்படைச் சம்பளம் அப்படியே டபுள். அதுவும் ஒரு தடவை போனஸ் மாதிரி இல்லை, நிரந்தரமாக.

காகிதத்தில் இது வெறும் ஊதிய உயர்வு அல்ல, தரத்துக்கான விலை. பாட அறிவையும் கற்பிக்கும் திறனையும் கறாராகச் சோதித்துத்தான் சான்றிதழ் என்பது முதலில் இருந்த யோசனை. நடைமுறைக்கு வரும்போது அது கரைந்துபோனது. படிப்புச் சான்றுகள், கலந்துகொண்ட பயிற்சிகள், தயாரித்த பாடத்திட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தால் போதும் என்றானது. அதிலும் தேறாதவங்களுக்குச் சுமார் 90 மணி நேரப் பயிற்சி ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலானவர்கள் சான்றிதழோடுதான் திரும்பினார்கள். ஒருமுறை வாங்கிவிட்டால், வகுப்பில் எப்படி நடத்துகிறார் என்று பார்த்து அந்தத் தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ வழி கிடையாது.

க்யூவில் இருந்து கிடைத்த பரிசோதனை

லட்சக்கணக்கான ஆசிரியர்களுக்கு ஒரே நாளில் சம்பளத்தை இரட்டிப்பாக்க எந்த கஜானாவும் தாங்காது. அதனால் வருடத்துக்கு இத்தனை பேர், சீனியர்களுக்கு முன்னுரிமை என்று க்யூ போட்டார்கள். ஜூப் டி ரீ, கார்த்திக் முரளிதரன், மென்னோ பிரதான், ஹால்சி ராஜர்ஸ் ஆகிய நான்கு ஆய்வாளர்கள் அந்த க்யூவைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அரசின் ஒத்துழைப்போடு 360 பள்ளிகள் எடுக்கப்பட்டன. குலுக்கல் முறையில் தேர்வான 120 பள்ளிகளில், தகுதியுள்ள எல்லா ஆசிரியர்களும் க்யூவைத் தாண்டி உடனே சான்றிதழுக்குப் போக அனுமதி. மீதி 240 பள்ளிகளில் வழக்கம்போலக் காத்திருக்க வேண்டியதுதான். குலுக்கல் என்பதால் ‘நல்ல ஸ்கூலுக்கு முதலில் கொடுத்திருப்பாங்க’ என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டு வருடம் கழித்தும் மூன்று வருடம் கழித்தும் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பார்த்தார்கள்.

ஆசிரியர்களின் வாழ்க்கை மாறியிருந்தது. வருமானத்தில் திருப்தி கூடியது. பணக்கவலை குறைந்தது. இரண்டாவது வேலைக்குப் போவதும் குறைந்தது. ஓமர் பக்ரிக்கு ஒருவழியாக நிம்மதி.

மாணவர்களின் மதிப்பெண்ணில் மட்டும் வித்தியாசமே இல்லை. ‘கொஞ்சம் ஏறியிருக்கும், அளவீட்டில் சிக்கியிருக்காது’ என்று சொல்லவும் வழியில்லை. சின்ன முன்னேற்றம் இருந்திருந்தால்கூட பிடித்துவிடும் அளவுக்குத் துல்லியமான ஆய்வு அது. 2018-ல் வெளியான கட்டுரையின் தலைப்பே கேலி கலந்தது: ‘சும்மாவே டபுள்’ என்கிற அர்த்தத்தில்.

ஏன் இப்படி? பணக்கவலை தீர்ந்த ஆசிரியர் நிம்மதியாக வகுப்புக்கு வருவார், அது உண்மைதான். ஆனால் பின்னம் சொல்லித் தரத் தெரியாதவருக்குச் சம்பளம் ஏறியதால் பின்னம் சொல்லித் தர வந்துவிடாது. 2015-ல் நாடு முழுக்க ஆசிரியர்களுக்கே வைத்த திறனறித் தேர்வில் சராசரி 53 மதிப்பெண்தான். அரசு வைத்திருந்த இலக்கோ வெறும் 55. அதையே எட்டவில்லை. இன்னொரு பக்கம், ஏற்கெனவே உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தியவருக்கும், பேருக்கு வந்து போனவருக்கும் ஒரே உயர்வு. வகுப்பறைக்குள் எதையாவது மாற்ற யாருக்கும் புதிதாக ஒரு காரணம் முளைக்கவில்லை.

அப்போ, சம்பளம் கூட்டவே கூடாதா?

நிதியமைச்சகங்களுக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அது அளந்தது ஏற்கெனவே பணியில் இருந்தவர்களை. நல்ல சம்பளம் இருந்தால் இன்னும் திறமையானவர்கள் இந்த வேலைக்கு வருவார்களா என்பது வேறு கேள்வி, அதற்கு விடை தெரிய ஒரு தலைமுறை ஆகும். சட்டம் வந்த பிறகு இந்தோனேசியாவில் ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளில் சேருவோர் எண்ணிக்கை பல மடங்கு எகிறியது. அந்தக் கூட்டத்தில் இருந்து நல்லவர்களை வடிகட்டி எடுக்கத் தெரிந்தால்தான் லாபம்.

சம்பளத்தை வேறு மாதிரி கொடுத்தால் என்ன ஆகும்? அதே கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமனுடன் சேர்ந்து 2005 முதல் பிரிக்கப்படாத ஆந்திராவின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அதைப் பார்த்தார். அங்கே அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்கவில்லை. மாணவர்களின் சராசரி மதிப்பெண் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கேற்ப போனஸ். அந்த போனஸும் சராசரியாக வருடச் சம்பளத்தில் 3 சதவீதம் மட்டுமே. இரண்டு வருடத்தில், நூறு பேர் வரிசையில் நடுவில் இருக்கும் ஒரு பிள்ளை கணக்கில் ஏறக்குறைய பத்து இடம் முன்னேறும் அளவுக்குப் பலன். போனஸ் இல்லாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் மதிப்பெண் ஏறியது. ஆசிரியர்கள் லீவு எடுப்பது குறையவில்லை என்பது இதில் சுவாரஸ்யம். வந்த நாட்களில் கூடுதல் வகுப்பு, வீட்டுப்பாடம், பயிற்சித் தேர்வு என்று வேலை நடந்தது.

உடனே ‘மார்க்குக்கு ஏற்ற சம்பளம்தான் மருந்து’ என்று குதிக்கவும் முடியாது. கென்யாவில் தேர்வு முடிவை வைத்து ஆசிரியர்களுக்குப் பரிசு கொடுத்தபோது, பரிசோடு இணைந்த தேர்வில் மட்டும் மதிப்பெண் ஏறியது. திட்டம் முடிந்ததும் அந்த ஏற்றமும் நிலைக்கவில்லை. பரீட்சைக்குத் தயார்படுத்தும் வேலைதான் அங்கே அதிகம் நடந்தது.

இதைவிட ஆபத்தான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஆந்திராவிலேயே, நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வாங்காத ஒப்பந்த ஆசிரியர்கள், மாணவர்களைக் கற்கவைப்பதில் நிரந்தர ஆசிரியர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல என்று இன்னொரு ஆய்வு காட்டியது. அப்படியானால் குறைந்த சம்பளத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாமே என்று அரசுகளுக்குத் தோன்றும். கென்யா அதை முயன்றது. ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைத் தன்னார்வ நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பலன் தெரிந்தது, அரசு நடத்திய பள்ளிகளில் ஒன்றும் தெரியவில்லை. சம்பளமே நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்றால் என்னவென்று தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், ஜூன் 1-ல் இருந்து சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ போராட்டம் இன்னும் ஓயாததற்கு அந்த ஒரு நாள் வித்தியாசம்தான் காரணம்.

இந்தோனேசியாவில் இந்த இடைவெளியின் அடியில் இருப்பவர்களுக்குப் பெயர் ‘குரு ஹோனோரெர்’. அரசுப் பணி ஆணை இல்லாமல், பள்ளியின் செலவுநிதியில் இருந்து ஏதோ ஒரு தொகை வாங்கிக்கொண்டு முழுநேரமும் பாடம் எடுப்பவர்கள். மாதம் சில லட்சம் ரூபியா, அதாவது இரண்டாயிரம் ரூபாய் கூடத் தேறாத சம்பளத்தில் இருப்பவர்கள் பற்றிய செய்திகள் அங்கே அடிக்கடி வரும். இவர்களில் பத்து லட்சம் பேரை ஒப்பந்த அரசு ஊழியர்களாக எடுக்கும் திட்டம் 2021-ல் தொடங்கியது. 2024-ல் பிரபோவோ அறிவித்த 20 லட்சம் ரூபியா, சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். சான்றிதழ் இல்லாத ஹோனோரெர் ஆசிரியர், அந்த அறிவிப்புக்கு மறுநாளும் முதல் பீரியடுக்கு அதே பழைய சம்பளத்தோடுதான் வகுப்புக்குள் நுழைந்தார்.