எபோலாவும் பெண்மக்களும்

2014-ஆம் ஆண்டில் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க தேசங்களை வாட்டி, ஓய்வதற்குள் 11,300-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்ட எபோலா நோய், உடல்நீரின் வாயிலாகவும் பிரேதத்தின் வாயிலாகவும் தொற்றும் இயல்பினதாதலால், பிணியாளருக்குச் சிசுருஷை செய்வதையும் இறந்த பெண்டிரை நீராட்டி அனுப்புவதையும் தம் கடமையாகக் கொண்டிருந்த மாதர், அக்கடமையின் பொருட்டே அதன் வாய்ப்பட்டனர். கவச உடை தரித்த அந்நியர் வந்து, பிரார்த்தனையுமின்றிச் சடலத்தைப் பையிலிட்டுக் கொண்டுபோகக் கண்ட ஜனங்கள், நோயாளிகளை ஒளித்ததையும் இரகசியமாய்ப் புதைத்ததையும் அறியாமையென இகழ்ந்தோர் பலர். நம் வீட்டுச் சடலமாயின் நாம் மட்டும் வாளாவிருப்போமோ? குடும்பத்தாரும் மதகுருமாரும் பங்குகொள்ள இடந்தரும் அடக்க முறையை உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வாண்டு நவம்பரில்தான் வெளியிட்டது.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த சியரா லியோனில் சிறுமியர் பலர் கர்ப்பவதிகளாயினர். அவர்களைக் காக்கத் தவறிய அரசாங்கமே, 2015 ஏப்ரலில் பள்ளிகள் திறந்தபோது அவர்களை வாசலில் தடுத்தது. கெடுத்த ஆடவரைப் பற்றி அவ்வுத்தரவில் பேச்சில்லை. அத்தடை பாரபட்சமானதென மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்து, 2020 மார்ச்சில் அது நீங்குவதற்குள், முதலில் தடுக்கப்பட்டோரின் பள்ளிப் பருவமே கழிந்துவிட்டது.