பாட்டு மேல பழி போடாதீங்க!



எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரு வழக்கு நடக்கிறது. புகார் கொடுத்தவர் சித்தப்பா. குற்றவாளி பாட்டு. ஆனால் தண்டனை அனுபவிப்பது எங்கள் பாட்டி! கேட்பதற்கு யாரும் இல்லை. அதனால் நானே இந்தச் சுவரில் வாதாட வந்துவிட்டேன்.

சித்தப்பா போன வருடம் பழைய மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வாங்கிய இரண்டாம் மாதமே டிக்கியில் ஒரு பெரிய சப்-ஊஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், கதவுகளில் புது ஸ்பீக்கர் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார். பெட்டி மேல் சிவப்பு எழுத்தில் ‘1000 வாட்’ என்று போட்டிருக்கும். பாட்டுப் போட்டால் எங்கள் லயன் வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.

பாட்டிக்கு மாதம் ஒரு தடவை கோவையில் ஆஸ்பத்திரி. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர், ஆனால் வண்டியில் வளைவு வந்தால் தலை சுற்றும், வாந்தி வரும். பழைய பாட்டு ஓடினால் மட்டும் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்துவிடுவார். சித்தப்பாதான் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

அன்று கோவையிலிருந்து திரும்பினோம். மேட்டுப்பாளையத்தில் பார்த்தபோது சார்ஜ் 48 சதவீதம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் வந்து சேர்ந்தபோது வெறும் 6! அரவேணு தாண்டியதிலிருந்து சித்தப்பா பேசவே இல்லை, நெற்றியெல்லாம் வேர்வை. வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “இந்தப் பாட்டுதான் சார்ஜை எல்லாம் குடிச்சிடுச்சு. இனிமே வண்டியில பாட்டு கிடையாது!”

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தார். எனக்கு மனசே சரியில்லை. உண்மையிலேயே பாட்டுதான் குடித்ததா? எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். “நீயே கணக்குப் போட்டுப் பாரேன்” என்று வழி சொல்லிக் கொடுத்தார்.

நம் வீட்டுக் கரண்டு பில்லில் வரும் யூனிட்தான் காருக்கும். 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்தியாவில் 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 யூனிட். 2022இல் வந்த டியாகோவில் பெரிய பேட்டரி 24 யூனிட். 2023இல் வந்த எம்.ஜி. காமெட் 17.3 யூனிட். நாம் கணக்குக்கு 24 என்று வைத்துக்கொள்வோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, உயரம்தான் பெரிது. ஏறக்குறைய 1,450 மீட்டர் மேலே ஏற வேண்டும். காரும் நாங்களும் சேர்ந்து 1,500 கிலோ என்றால், நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம், அதாவது 1500 × 9.8 × 1450. விடை 2 கோடியே 13 லட்சம் ஜூல்! 36 லட்சம் ஜூல் ஒரு யூனிட் என்பதால் வகுத்தால் 5.9 வரும். சும்மா தூக்குவதற்கு மட்டுமே ஆறு யூனிட். சக்கரம் உருள்வதற்கும், காற்றைக் கிழிப்பதற்கும், வீணாகும் சூட்டுக்கும் இன்னொரு நாலு யூனிட் வைத்தால் மொத்தம் பத்து. 24இல் பத்து போனால் 42 சதவீதம். சித்தப்பாவுக்குக் குறைந்ததும் அதே 42தான்!

இப்போது பாட்டின் பங்கு என்ன? பெட்டியில் 1000 என்று எழுதியிருந்தாலும் பாட்டு எந்நேரமும் உச்சத்தில் முழங்குவதில்லை. சாதாரணமாகக் கேட்டால் சராசரி 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். மலை ஏற ஒன்றரை மணி நேரம் என்றாலும் 0.15 யூனிட். சமவெளியில் ஒன்றரை கிலோமீட்டர் ஓடுகிற கரண்டு, ஏற்றத்தில் அரை கிலோமீட்டருக்குத்தான் வரும். இதற்காகவா பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு வர வேண்டும்?

கணக்கை நம்பாதவர்களுக்கு சாட்சியும் உண்டு. அன்று கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கிட்டத்தட்ட இதே தூரம், இதே பாட்டு. அதற்குக் குறைந்தது 16 சதவீதம்தான். இன்னொரு சாட்சி இதைவிடப் பெரிது. காலையில் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போதும் இதே பாட்டுதான் ஓடியது, ஆனால் சார்ஜ் 80இலிருந்து 85 ஆக ஏறியது! இறக்கத்தில் சக்கரமே மோட்டாரைச் சுற்றி, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுக்கிறது. பாட்டு குடிகாரன் என்றால் இறங்கும்போது ஏன் குடிக்கவில்லை?

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாட்டு நிரபராதிதான், பெட்டி முழு நிரபராதி இல்லை. பெட்டியும் மற்ற சாமான்களும் சேர்ந்து 30 கிலோ இருக்கும். அதை மலை மேல் தூக்க 0.12 யூனிட் ஆகிறது. அதாவது பாட்டே போடாவிட்டாலும், பாட்டுக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கு சும்மா சுமப்பதற்கே போகிறது! சிலர் ஊரே அதிரும்படி 500 வாட் இழுக்க வைப்பார்கள். அவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் யூனிட் காலி. அது சமவெளியில் ஏழு கிலோமீட்டர் தூரம். நம் ஊர்க் குளிரில் ஹீட்டர் போட்டாலும் அப்படித்தான். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சூடு சும்மா கிடைக்கும், மின்சாரக் காரில் ஹீட்டருக்கே ஆயிரம் வாட்டுக்கு மேல் போகலாம். சித்தப்பா அன்று ஹீட்டரும் போட்டிருந்தார். அதைப் பற்றிப் பேச்சே இல்லை!

பெட்டி செய்த உண்மையான தப்பு வேறு. மின்சாரக் காரில் இரண்டு பேட்டரி இருக்கிறது. ஓட்டுவதற்குப் பெரியது. விளக்கு, ஹாரன், பாட்டு இதற்கெல்லாம் 12 வோல்ட்டில் சின்னது. வண்டி ஆனில் இருக்கும்போது பெரியது சின்னதை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆஃப் செய்துவிட்டால் பெரும்பாலும் நிரப்பாது. சின்னதில் இருப்பது அரை யூனிட்கூட இல்லை. ஆம்ப்ளிஃபயர் வயரை மெக்கானிக் நேராகச் சின்ன பேட்டரியில் கொடுத்திருந்தார். கோயில் திருவிழா அன்று ராத்திரி வண்டியை ஆஃப் செய்துவிட்டு நாலு மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். காலையில் வண்டி உயிரே இல்லை! பெரிய பேட்டரியில் 70 சதவீதம் சும்மா கிடக்கிறது. ஆனால் அதை மோட்டாருடன் இணைக்கும் சுவிட்சைத் தட்டிவிடச் சின்ன பேட்டரிக்குத் தெம்பு இல்லை. பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து கேபிள் போட்டு எழுப்புவதற்குள் பத்தரை மணி. பாட்டியின் ஆஸ்பத்திரி டோக்கன் போய்விட்டது. அன்றைக்கு யாரும் பெட்டியைத் திட்டவில்லை!

இன்னொரு விஷயம். மின்சாரக் காரில் இன்ஜின் சத்தமே கிடையாது. மலைப் பாதையில் அது எவ்வளவு நல்லது! வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் பஸ் ஹாரன் கேட்கும். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும். மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டால்தான் நாம் முன்னாலேயே நிற்க முடியும். இவ்வளவு அமைதியான வண்டியை வாங்கிவிட்டு, காசு கொடுத்து அதைச் செவிடாக்கலாமா?

ஆகவே என் தீர்ப்பு இதுதான். பாட்டு ஓடட்டும், மெதுவாக. பெட்டியை இறக்கி வீட்டில் வைக்கட்டும். வண்டியை ஆஃப் செய்தால் பாட்டையும் ஆஃப் செய்யட்டும். மேட்டுப்பாளையத்தில் 60 சதவீதமாவது இல்லாமல் மலை ஏறக் கூடாது. ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்று பாட்டியே அடிக்கடி சொல்வார். தன் விஷயத்தில் மட்டும் ஏனோ சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் வாய் பேசாமல் விட்டுக்கொடுக்கும்போது, நாமாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

இந்தத் தாளை சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். “பெட்டி இருபதாயிரம் ரூபாய்டி!” என்றார். அவ்வளவுதான். ஆனால் பென் டிரைவைத் தேடி எடுத்து பாட்டி கையில் கொடுத்துவிட்டார். பாதி வழக்கு ஜெயித்த மாதிரிதான்!

உங்கள் தீர்ப்பு என்ன? பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி