பழைய வீட்டு வரி பாக்கி: பயந்து ஒளிய வேண்டாம்!

வீட்டு வரி பாக்கி ஒரு விசித்திரமான கடன்.

மளிகைக் கடை பாக்கி என்றால் கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். சீட்டுப் பணம் என்றால் மாதம் தவறாமல் ஆள் வந்து நிற்கும். வட்டிக்கு விட்டவர் வாசலையே சுற்றி வருவார். வரி பாக்கி மட்டும் வாய் திறக்காது. பல வருஷம் தூங்கும். திடீர் என்று ஒரு நாள் நோட்டீசாக விழித்துக் கொள்ளும். அன்று வீடே நடுங்கும்!

நோட்டீசைக் கண்டதும் ஏழைக் குடும்பம் என்ன செய்கிறது? மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறது. வரி வசூலிப்பவர் தெருவில் வருகிறார் என்றால் கதவைச் சாத்துகிறது. "இல்லை என்று சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறது.

இப்படி ஒளிவதால் பாக்கி குறைவது இல்லை. வளர்கிறது.

இரண்டு வகை பாக்கிக்காரர்

பணம் இருந்தும் கட்டாதவர் ஒரு வகை. மனம் இருந்தும் பணம் இல்லாதவர் இன்னொரு வகை. ஆபீசுக் கணக்கில் இருவருக்கும் ஒரே பெயர்தான்: பாக்கிதாரர்.

முதல் வகைக்காரரிடம் கண்டிப்பு வேண்டும். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் இரண்டாவது வகைக்காரரையும் அதே கோலால் அடித்தால் பணம் வராது. பயம்தான் வரும். பயந்தவர் ஆபீசுப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை எடுத்துக் கொண்டால் இந்த உண்மை நன்றாக விளங்கும்.

புரட்டாசியில் ஏது பணம்?

இது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால்தான் குண்டாற்றில் தண்ணீர் ஓடும்.

ஆவணி, புரட்டாசியில் உழவு, விதை, கூலி என்று கையில் உள்ள காசு எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுக்க வேண்டும். தை, மாசியில்தான் சோளமும், கம்பும், உளுந்தும், குதிரைவாலியும் களத்துக்கு வரும். காசைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.

வீட்டு வரிக்கு வருஷத்தில் இரண்டு அரையாண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று. அக்டோபர் முதல் மார்ச்சு வரை இன்னொன்று. முதல் அரையாண்டு முடிகிற செப்டம்பர் 30 எது? புரட்டாசியின் நடுப்பகுதி. சம்சாரி வீட்டுப் பெட்டி காலியாகக் கிடக்கிற நேரம்!

நெசவாளி கதை வேறு. அருப்புக்கோட்டை தறிக்குப் பேர் போன ஊர். தறிக்காரர் வீட்டில் வரவு செலவு வாரக் கணக்கு. ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு வரும் வரை கை சும்மா இருக்கும். அடைமழை நாளில் தெருவில் பாவு நீட்டவும் முடியாது. வாரக் கூலியில் வாழ்கிறவரிடம் ஆறு மாத வரியை ஒரே தொகையாகக் கேட்டால் அது மலையாகத்தான் தெரியும்.

ஆகவே, பாக்கி விழுவதற்குக் காரணம் எப்போதும் அலட்சியம் அல்ல. வரியின் நாள்காட்டி ஒன்று. வயிற்றின் நாள்காட்டி வேறு ஒன்று.

வட்டிக் கணக்கு

பயத்தைப் போக்க ஒரே வழி கணக்குப் பார்ப்பது.

2023-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் வரி கட்டினால் 100-க்கு 5 ரூபாய் தள்ளுபடி. காலம் கடந்தால் மாதம் 100-க்கு 1 ரூபாய் தனி வட்டி.

அரையாண்டுக்கு 300 ரூபாய் வரி உள்ள ஒரு சிறு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். ஏப்ரல் மாதத்திலேயே கட்டினால் 285 ரூபாய் போதும். கட்டாமல் விட்டால் அந்த 300-க்கு மாதம் 3 ரூபாய் ஏறும். ஒரு வருஷத்துக்கு 36 ரூபாய். ஆறு வருஷம் எதுவும் கட்டாவிட்டால் வரி மட்டும் 3,600 ரூபாய். அதற்கு மேல் வட்டி.

சிறிய தொகை அல்ல. ஆனால் உயிரை வாங்கும் தொகையும் அல்ல.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. வரி பாக்கியை அடைக்கக் கந்து வட்டிக்குக் கடன் வாங்கவே கூடாது! மாதம் 100-க்கு 1 ரூபாய் வட்டியை நிறுத்த, மாதம் 100-க்கு 10 ரூபாய் வட்டியைத் தலையில் ஏற்றிக் கொள்வது, கொசுவுக்குப் பயந்து குளவிக்கூட்டில் கைவிடுவது போல. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. வரி பாக்கியை மெல்ல அடைக்கலாம். கந்து வட்டியில் விழுந்தவர் எழுந்திருப்பது கடினம்.

அமெரிக்கக் கிழவியின் வழக்கு

பழைய வரி பாக்கி படுத்தும் பாடு நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. பணக்கார நாடான அமெரிக்காவிலும் இதே கதைதான்.

ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டிக்கு மின்னியாபொலிஸ் நகரில் ஒரு சிறு வீடு இருந்தது. அவர் கட்டாமல் விட்ட வரி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து அது சுமார் 15,000 டாலர் ஆயிற்று. உள்ளாட்சி அந்த வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. பாக்கி போக மீதி 25,000 டாலர் அல்லவா? அதையும் திருப்பித் தரவில்லை!

மூதாட்டி விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023 மே 25 அன்று நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். பாக்கியை மட்டும் எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு காசு எடுக்கவும் உரிமை இல்லை என்பதே அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 94.

அதே நாட்டில் டெட்ராய்ட் என்ற தொழில் நகரம் உண்டு. அங்கே ஏழை வீட்டுக்காரர்களுக்கு வரி விலக்கு பெறச் சட்டத்தில் இடம் இருந்தது. பலருக்கு அது தெரியவில்லை. மனுக் கொடுக்காததால் பாக்கி ஏறியது, வீடு பறிபோனது. ஏராளமான வீடுகள் கைமாறிய பிறகு, 2020-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஏழைகளின் பழைய பாக்கிக்கு வட்டியும் அபராதமும் தள்ளி, மீதியைத் தவணையில் கட்ட வழி செய்தது.

வீடுகள் போன பிறகு வந்த கருணை அது. முன்பே வந்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும்!

குடும்பம் செய்ய வேண்டியது

முதலாவது: நகராட்சி ஆபீசுக்கோ, ஊராட்சி ஆபீசுக்கோ போய் எந்த வருஷம், எந்த அரையாண்டு, எவ்வளவு பாக்கி என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாய்க் கணக்கு கூடாது. முன்பு கட்டிய ரசீது இருந்தால் கையோடு கொண்டு போக வேண்டும். கட்டிய பணம் வரவில் ஏறாமல் இருப்பதும் உண்டு.

இரண்டாவது: வீட்டின் அளவு சரியா என்று பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் வரி உயர்ந்தபோது, 600 சதுர அடி வரை உள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம். அதற்கு மேல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம் என்று ஏற்றினார்கள். அளவு தப்பாக இருந்தால் வரியும் தப்பாகத்தான் வரும். குடியிருக்கும் வீட்டைக் கடை என்று எழுதியிருந்தாலும் அப்படியே. மழையில் மண் சுவர் இடிந்து விழுந்த வீட்டுக்கு, இடிந்துவிட்டது என்று யாரும் எழுதிக் கொடுக்காததால் வரி ஓடிக் கொண்டிருக்கலாம். ஒரு மனு எழுதினால் தீரக்கூடிய காரியம் இது. எழுத வராதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லலாம்.

மூன்றாவது: வீடு இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்தால், "அப்பா பெயரில்தானே பாக்கி!" என்று இருந்துவிடக் கூடாது. வீட்டு வரி வீட்டைப் பற்றிய கடன். ஆள் போனாலும் வீட்டோடு நிற்கும். பெயர் மாற்றப் போகும்போது பாக்கி குறுக்கே வரும். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லோரும் உட்கார்ந்து பங்கு போட்டுக் கட்டுவதே நல்லது.

நான்காவது: முழுத்தொகை இல்லை என்றால் முடிந்ததைக் கட்ட அனுமதி கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். பழைய அரையாண்டு ஒன்றும், நடப்பு அரையாண்டு ஒன்றுமாகக் கட்டி வந்தால் புதுப் பாக்கி விழாது, பழையது தேயும். சம்சாரி மாசி, பங்குனியில் விளைச்சல் விற்ற கையோடு வரியை எடுத்து வைக்கலாம். தறிக்காரர் வாரம் 20 ரூபாய் உண்டியலில் போட்டால் வருஷத்துக்கு 1,040 ரூபாய்! எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா?

ஐந்தாவது: ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. எவ்வளவு தெரிந்தவர் கேட்டாலும் சரி.

ஆபீசு செய்ய வேண்டியது

பொறுப்பு ஏழைக்கு மட்டும் அல்ல.

சில ஊர்களில் பாக்கிக்காரரை அவமானப்படுத்தி வசூலிப்பது ஒரு வழி ஆகிவிட்டது. பாட்னா மாநகராட்சி 2006-ல் பாக்கிக்காரர் கடை வாசலில் திருநங்கைகளைப் பாட்டுப் பாட வைத்தது. உலகமே அதை வேடிக்கையாகப் படித்தது. பணம் வைத்திருப்பவர் வெட்கப்பட்டுப் பணத்தை எடுத்து வருவார். பணம் இல்லாதவர் வெட்கப்பட்டு எதை எடுத்து வருவார்?

கோர்ட்டுத் தீர்ப்பாகிவிட்ட கடனுக்கே நம் நாட்டில் ஒரு வரம்பு உண்டு. 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழிலாளியின் கருவி, உழவனின் மாடு, விதை தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. பிழைக்க வழி இருந்தால்தான் கடனைத் திருப்ப முடியும் என்ற அறிவு அதில் இருக்கிறது. வரி வசூலிலும் அந்த அறிவு வேண்டும்.

சிறு வீடுகளின் பழைய பாக்கியைத் தவணையில் வாங்க ஒரு பொது ஏற்பாடு வேண்டும். தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டியைத் தள்ள வேண்டும். கிராமத்தில் வசூல் முகாமைத் தை, மாசியில் வைக்கலாம். கிராம சபையில் பெரிய பாக்கிகளின் பட்டியலை முதலில் வாசிக்கலாம். பெரிய கட்டடத்துக்குக் கால அவகாசமும், ஓட்டு வீட்டுக்குக் குழாய்த் துண்டிப்பும் என்றால், மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான்.

யாருக்குப் போகிறது?

பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கிஸ்தி கட்ட மறுத்து 1799-ல் கயத்தாற்றில் தூக்குமேடை ஏறினான். அந்தப் பணம் கடல் கடந்து வந்த கம்பெனிக்குப் போயிற்று. இன்றைய வீட்டு வரி தெருவிளக்குக்கும், குடிதண்ணீருக்கும், குப்பை அள்ளுவதற்கும் போகிறது. 1948-ம் ஆண்டு நூலகச் சட்டத்தின் கீழ் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்கிறது. ஊர் நூலகத்தில் எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்கிறவர் அந்தக் காசில்தான் படிக்கிறார்.

ஆகவே வரி கட்டத்தான் வேண்டும். கட்ட முடிகிற விதத்தில் அதை வாங்கவும் வேண்டும்.

பெட்டிக்குள் மடித்து வைத்த நோட்டீசை வெளியே எடுங்கள். திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போய்க் கணக்குக் கேளுங்கள். கணக்குத் தெரிந்த கடன் பாதி அடைந்த கடன்!