முதலில் ஆழம், அடுத்து வெளிச்சம், பிறகுதான் கேமரா

முக்குளிப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்தக் கேமரா வாங்கலாம்?” என்பதுதான். பெர்ஹெந்தியானிலோ தியோமானிலோ ஆமையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. என் பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றம் தரலாம். கேமராவைக் கடைசியாக முடிவு செய்யுங்கள் என்பேன்.

முதலில் ஆழம். பெட்டியின்மேல் ‘15 மீட்டர் வரை நீர் புகாது’ என்று போட்டிருக்கும். ஸ்நோர்க்கலிங்குக்கு அது தாராளம். ஆனால், தொடக்கநிலைச் சான்றிதழ் உள்ளவரே 18 மீட்டர் வரை இறங்கலாம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு! ஆகவே, கேமராவோடு அதற்கென்றே செய்யப்பட்ட ஹவுசிங் என்னும் நீர்புகா உறையையும் சேர்த்தே விலை பாருங்கள். உறை கிடைக்காத கேமரா எவ்வளவு மலிவாக இருந்தாலும் முக்குளிப்புக்கு உதவாது.

அடுத்தது வெளிச்சம். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு மங்கிவிடும். இன்னும் ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் இரத்தம்கூடப் பச்சையாகத் தெரியும். எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய கேமராவானாலும், இல்லாத நிறத்தைப் படம் பிடிக்க முடியாது. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், நீரில் மிதக்கும் தூசுகளையும் சேர்த்தே மின்னவைக்கும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழுவது இதனால்தான். தனி விளக்கு ஒன்றை ஒரு கைப்பிடியில் மாட்டி, பக்கவாட்டில் தள்ளிவைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். புதியவர்களுக்குத் தொடர்ந்து எரியும் வீடியோ விளக்கே எளிது. வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதைப் படம் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். விரைந்து ஓடும் மீன்களுக்கு ஸ்ட்ரோப் மேல். எந்த விளக்கானாலும் ஒரு மீட்டருக்குள் நெருங்கினால்தான் பலன்.

இப்போது கேமராவுக்கு வருவோம். முதல் கேமராவுக்கு நான் சொல்வது 2023இல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7. லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதையும் தெளிவாக எடுக்கும். அதற்கான உறை 45 மீட்டர் வரை தாங்கும். மாபுல் தீவுப் பக்கம் மணலில் ஊரும் விரல்நகம் அளவு கடல் நத்தைகளுக்கு இது போதும். பெரிய காட்சிகளை எடுத்துப் பெரிதாக அச்சிட விரும்பினால், ஓர் அங்குல சென்சார் கொண்ட சோனி ஆர்எக்ஸ்100 போன்றவை நல்லவை. அந்த சென்சாரின் பரப்பு டிஜி-7இன் சென்சாரைப்போல நான்கு மடங்கு. ஆனால், அந்தக் கேமரா நீர் தாங்காது. உறை கசிந்தால் கதை முடிந்தது. டிஜி-7 என்றால் உறைக்குள் கொஞ்சம் நீர் புகுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் புதியவர்களுக்கு அதையே சொல்கிறேன்.

எதை வாங்கினாலும், முதல்முறை உறையை வெறுமையாக இறக்கிச் சோதியுங்கள். உறையின் ஓரத்தில் ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலே நீர் கசியும். ஒவ்வொரு முறையும் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து மூடுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்குங்கள். செம்பூர்ணா செல்ல தாவாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள், உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மூழ்காமல், மேலெழாமல் ஒரே மட்டத்தில் நிலைத்து நிற்கப் பழகும்வரை கேமராவைப் படகிலேயே விட்டுவிடுங்கள். திரையில் கண் போனால் காற்றளவு மானியும் மறக்கும், துணைக்கு வந்தவரும் மறந்துபோவார். ஒரு படத்துக்காகக் கால் துடுப்பை அசைக்கும்போது உடையும் பவளம், வகையைப் பொறுத்து, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராததாக இருக்கலாம். எத்தனை படம் எடுத்தோம் என்பது அப்புறம். கூடப் போனவரோடு சேர்ந்து, காற்று மிச்சமிருக்க மேலே வந்தோமா என்பதே முதல் கணக்கு.