எல்லை தாண்டும் விற்பனை: ஐரோப்பா தரும் பாடம்

சந்தையைத் திறந்துவிட்டால் போதும், வியாபாரம் தானே பெருகும் என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மைதான் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி.

1993 ஜனவரி முதல் தேதி, அன்றைய 12 நாடுகள் தங்களுக்குள் சுங்கச் சோதனையை நீக்கி ஒரே சந்தையாயின. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். சரக்கு லாரி எல்லையில் நிற்பதில்லை. ஆனால், இண்டர்நெட் மூலம் பக்கத்து நாட்டுக்கு ஒரு பார்சல் விற்க நினைக்கும் சிறு கடைக்காரர் இன்றும் தயங்கி நிற்கிறார்.

காரணங்கள் பல. ஆட்சி மொழிகள் மட்டும் 24. ஸ்வீடன், டென்மார்க், போலந்து போன்ற நாடுகளில் நாணயம் வேறு. மதிப்புக் கூட்டு வரி லக்ஸம்பர்கில் 17 சதவீதம், ஹங்கேரியில் 27 சதவீதம். வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே சரக்கைத் திருப்பலாம் என்ற விதி 2014 முதல் நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளருக்கு அது நியாயமே. ஆனால், முதலில் வாங்கிய சாதாரண அனுப்புக் கூலியையும் வணிகர் திருப்பித் தரவேண்டும். தூரம் கூடக்கூட இந்த நஷ்டமும் கூடும்.

2018 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. வேறு நாட்டில் குடியிருப்பவர் என்பதற்காக விற்க மறுக்கலாகாது என்றது. ஆனால், அவர் வீட்டுக்கே சரக்கை அனுப்பவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பெல்ஜியத்துக்காரர் ஜெர்மனிக் கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கலாம். அதை எடுத்துச் செல்லும் வழியை அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

உண்மையில் பலன் தந்தது 2021 ஜூலையில் வந்த வரி மாற்றம் என்பது என் கருத்து. பிற நாடுகளுக்கான மொத்த விற்பனை ஆண்டுக்கு 10,000 யூரோவுக்குள் இருந்தால் சொந்த நாட்டு வரியே போதும். அதைத் தாண்டினால், வாங்குபவர் நாட்டு வரியை வசூலித்து, எல்லா நாடுகளுக்கும் சேர்த்துச் சொந்த நாட்டிலேயே மூன்று மாதத்துக்கு ஒரு கணக்குத் தாக்கல் செய்யலாம். நாட்டுக்கு நாடு பதிவெண் வாங்கும் அலைச்சல் பெரும்பாலும் தீர்ந்தது.

ஆனால், பெட்டி கட்டும் அட்டைக்கு இந்த வசதி இல்லை. ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டி அனுப்பினாலும், அங்குள்ள பதிவேட்டில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இதற்கென்று தனி இலாகா உண்டு. கணவனும் மனைவியும் நடத்தும் கடைக்கு என்ன உண்டு? அவர்கள் கமிஷன் கொடுத்துப் பெரிய விற்பனைத் தளத்தின் நிழலில் ஒதுங்குகிறார்கள். லாபத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. ஆயினும் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு செய்தாக வேண்டும். ஐரோப்பாவில் இருப்பதுபோல் சிறு வணிகருக்கு ஒரு வரம்பு இங்கும் வேண்டும் என்று நம் சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும். சாவடியை எடுத்தால் மட்டும் போதாது. படிவத்தையும் குறைத்தால்தான் சிறு கடைக்காரரின் பார்சல் எல்லை தாண்டும்.